வளவில் பலகாரம், திண்ணையில் தையல்: வீட்டிலேயே தொழில் செய்தால் சட்டம் எதைப் பார்க்கும்?

ஐப்பசி நெருங்கிவிட்டால் செட்டிநாட்டில் எங்கள் தெருவில் நாலு வீட்டிலாவது எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, கைமுறுக்கு, அதிரசம் என்று சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆர்டர் வரும், சிங்கப்பூருக்குப் பெட்டி கட்டுகிறவர்களும் உண்டு. போன வருடம் அப்படி ஒரு நாளில் பக்கத்து வீட்டு ஆச்சி சுவரோரமாக நின்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்: "ஏந்தம்பி, வீட்ல உக்காந்து முறுக்குச் சுத்துறதுக்குக்கூட லைசென்ஸ் வாங்கணும்ங்கிறாகளே, நெசமா?"

எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அதற்கு இரண்டு வருடம் முன்பு என் தங்கை வீட்டில் தையல் வகுப்பு தொடங்கியபோது இதே கேள்வியோடு ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். முதல் மேசையில் "வீட்லதானே, ஒண்ணும் வேணாம்" என்றார்கள், அடுத்த மேசையில் "கமர்சியல் வரி கட்டணும்" என்றார்கள், மூன்றாமவர் "கட்டட அனுமதியையே மாத்தி வாங்கணும்" என்றார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை என்பது பின்னால்தான் புரிந்தது. நாங்கள் கேட்டது ஒரு கேள்வி, அவர்கள் பதில் சொன்னது மூன்று வேறு கேள்விகளுக்கு. காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகி, சுற்றியிருந்த ஊர்கள் சில அதற்குள் வந்தபிறகு இந்தக் குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது. ஆச்சிக்காக உட்கார்ந்து படித்ததை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் நகரமைப்புச் சட்டம். மற்ற எல்லாம் இதற்கு அப்புறம்தான், ஆனால் யாரும் முதலில் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

தமிழ்நாட்டில் ஒரு கட்டடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதற்கு அடிப்படை 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் நடையும் சொற்களும் 1947-இல் இங்கிலாந்தில் போட்ட சட்டத்தின் சாயலிலேயே இருக்கும். "மேம்பாடு" என்று எதைச் சொல்கிறோம் என்பதுதான் அதில் மையமான இடம். கட்டுவது, தோண்டுவது மட்டும் மேம்பாடு இல்லை, ஒரு கட்டடத்தின் அல்லது நிலத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றினாலே அதுவும் மேம்பாடு, அதற்கும் திட்ட அனுமதி வேண்டும். செங்கல் ஒன்றைக்கூட நகர்த்தாமல் வீட்டைச் சரக்குக் கிட்டங்கியாக்கினாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஏதோ கட்டியதற்குச் சமம். அதே இடத்தில் விலக்கும் கொடுத்திருக்கிறார்கள். குடியிருக்கும் வீட்டையும் அதன் வளாகத்தையும் அந்த வீட்டு வாழ்க்கையோடு சேர்ந்து வருகிற வேலைக்குப் பயன்படுத்தினால் அது மேம்பாடு ஆகாது. வெளித்தோற்றத்தைப் பெரிதாக மாற்றாத பராமரிப்பு வேலைகளும் அப்படித்தான்.

ஆக, எல்லாப் பாரமும் "கணிசமாக" என்ற அந்த ஒரு சொல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு மாறினால் கணிசம்? இத்தனை சதுர அடி, இத்தனை ரூபாய் என்று அந்த வரையறை சொல்வதில்லை. அளவையும் சூழலையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நான் புரிந்துகொண்டவரை, வீட்டுக்குள் நீங்கள் சம்பாதிக்கிறீர்களா என்பது அங்கே கேள்வியே இல்லை. பார்ப்பவர்களுக்கு அது இன்னும் வீடாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நாலு பிள்ளைகளுக்கு மாலையில் கணக்கு டியூஷன் எடுக்கும் வீடு வீடுதான். நாற்பது பிள்ளைகள், இரண்டு ஷிப்ட், வாசலில் சைக்கிளும் வண்டியுமாகத் தெரு அடைபட்டால் அது பள்ளிக்கூடத்தின் பக்கம் போய்விட்டது, நடுவில் கோடு எங்கே என்று யாரும் சுண்ணாம்பால் போட்டு வைக்கவில்லை. வந்துபோகும் ஆள், நிற்கிற வண்டி, சத்தம், புகை, நாற்றம், வெளியே போகிற தண்ணீர், குடியிருக்காதவர்கள் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், வீட்டில் எவ்வளவு இடம் தொழிலுக்குப் போய்விட்டது, வாசலில் போர்டு எவ்வளவு பெரிது என்று பார்ப்பார்கள். ஒன்று கூடி மற்றவை குறைவாக இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம், எல்லாம் சேர்ந்து கூடினால் தப்ப முடியாது.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். நடைமுறையில் இந்தச் சட்டம் எழுந்து வருவது பெரும்பாலும் யாராவது புகார் கொடுக்கும்போதுதான். அனுமதி இல்லாத பயன்பாட்டை நிறுத்தச் சொல்லவும் பழையபடி ஆக்கச் சொல்லவும் 56, 57-ஆம் பிரிவுகளில் அதிகாரம் இருக்கிறது. பத்து வருடம் யாரும் கேட்கவில்லை என்பதால் அது சரியாகிவிட்டது என்று அர்த்தம் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரோடு வேறு ஏதோ தகராறு வந்து, அந்தக் கோபத்தில் இந்தக் கடுதாசி போன கதைகளை நம் ஊரில் எல்லோரும் கேட்டிருப்போம்.

செட்டிநாட்டுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நகரமைப்பு வரைபடத்தில் குடியிருப்பு ஒரு நிறம், வணிகம் ஒரு நிறம், தொழில் ஒரு நிறம் என்று பிரித்து வைத்திருப்பார்கள். வீடு வேறு, வேலை வேறு என்ற எண்ணம் அதில் ஊறியிருக்கிறது, ஆலைப் புகைக்கு நடுவில் ஆட்கள் குடியிருந்த ஊர்களுக்கு அந்த எண்ணம் தேவைப்பட்டது. ஆனால் நம் வீடுகளைக் கட்டியவர்கள் அப்படி நினைத்துக் கட்டவில்லை. முகப்புத் திண்ணையில் கணக்குப்பிள்ளை கைப்பெட்டியோடு உட்கார்ந்திருப்பார், பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போக வேண்டிய கடிதங்களும் கணக்குகளும் அங்கே எழுதியவைதான். அதைத் தாண்டினால் வளவு என்கிற நடுமுற்றம், சுற்றிலும் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை. இரண்டாங்கட்டில் பந்தியும் சாமான்களும், மூன்றாங்கட்டில் அடுப்படி, அதற்குப் பின்னால் கிணறு. கல்யாணம் என்றால் நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமைக்கிற அடுப்படி அது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஆண்கள் கடல் கடந்து போயிருந்த வருடங்களில் பெண்கள் அந்தப் பின்கட்டில் இருந்தபடி ஓலைக் கொட்டான் முடைந்தார்கள், சிறு கொடுக்கல் வாங்கல் செய்தார்கள், கல்யாணத்துக்குப் பின் தனி அடுப்பாக வேறு வைத்த பிறகு கைக்கு வந்த ஆண்டுத் தொகையை எண்ணி எண்ணிக் குடும்பம் நடத்தினார்கள். வேலையும் வீடும் ஒரே கூரைக்கடியில் இருந்த ஊர் இது. 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டை "தமிழ் வணிகர்களின் ஊர்த்தொகுதிகள்" என்ற பெயரில்தான் சேர்த்தார்கள், அந்தப் பெயரில் வணிகமும் இருக்கிறது ஊரும் இருக்கிறது.

அதனால் ஆச்சி வளவில் உட்கார்ந்து முறுக்குச் சுற்றுவது அந்த வீட்டுக்குப் புதிது இல்லை. ஆனால் "எங்க அப்பத்தா காலத்துலேர்ந்து செய்றோம்" என்பதை மட்டும் சொல்லி அதிகாரி முன்னால் நிற்க முடியாது, வரைபடத்தில் நம் தெருவுக்கு என்ன நிறம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) உள்ள ஊர்களில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு பயன்பாடு குறித்திருப்பார்கள். மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ உள்ளாட்சி அலுவலகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எந்த வகையில் எதைச் செய்யலாம் என்று சொல்வது 2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அதற்கு முன் சென்னைக்கு ஒன்று, நகராட்சிக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கிடந்ததை அதில் ஒன்றாகச் சேர்த்தார்கள். வெறும் குடியிருப்பு என்று குறித்த பகுதியிலும் அங்கேயே குடியிருக்கும் மருத்துவர், வக்கீல் போன்றவர்களின் ஆலோசனை அறைக்கும், அன்றாடச் சாமான் விற்கும் பெட்டிக்கடைக்கும், ஒற்றை ஆள் தையல் கடைக்கும் இடம் விட்டிருக்கிறார்கள். கலப்புக் குடியிருப்பு என்று குறித்திருந்தால் இன்னும் தாராளம், கடைகளும் குறைந்த மின்சக்தியில் ஓடும் சிறுதொழில்களும் வரலாம். என் தங்கை விஷயத்தில் அந்த மூன்றாவது மேசைக்காரர் பயமுறுத்தியது இதனால்தான். ஒற்றை ஆள் தையல் என்றால் பிரச்சினையே இல்லை, பன்னிரண்டு மெஷின் போட்டு வகுப்பு என்றால் தெருவின் வகையைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

இங்கே ஒரு விஷயத்தில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மனசு வலிக்கிறது. வீட்டில் தொழில் தொடங்குகிறவர்கள் பலர் முதலில் செய்கிற காரியம் திண்ணையை இடித்து ஷட்டர் போடுவது. உள்ளே பத்து வருடம் பலகாரம் செய்தாலும் வெளித்தோற்றம் மாறாதவரை அது வீடு என்று வாதாட வழி இருக்கிறது. முகப்பை இடித்து இரும்பு ஷட்டர் மாட்டிய அன்றே அந்த வாதம் போய்விடும், அது வெளித்தோற்ற மாற்றம், கட்டட வேலை, பயன்பாட்டு மாற்றம் மூன்றும் சேர்ந்தது. அப்புறம் வாகன நிறுத்தம் எங்கே, முன்னால் விட வேண்டிய இடம் எங்கே என்று கடைக் கட்டடத்துக்குரிய கேள்விகள் எல்லாம் வரும், தெருவை ஒட்டித் திண்ணை வைத்துக் கட்டிய பழைய வீடு எதற்கும் அதற்குப் பதில் இருக்காது. அந்தக் காலத்துக் கொத்தனார் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து இழைத்துப் பூசிய சுவரைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது. திண்ணையே கடைக்கு ஏற்ற இடம்தானே, அதில் ஒரு மேசை போட்டால் போதும்.

சரி, நகரமைப்பு முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது தொழில் உரிமம். இது கட்டடத்தைப் பற்றிய கேள்வி இல்லை, செய்கிற வேலையைப் பற்றியது. மாநகராட்சி, தேவகோட்டை போன்ற நகராட்சி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல் போன்ற பேரூராட்சி எல்லாவற்றுக்கும் இப்போது 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம்தான், அதற்கான விதிகள் 2023-இல் வந்தபிறகு நடைமுறைக்கு வந்தது. எந்தெந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும் என்று பட்டியல் வைத்திருப்பார்கள், உணவு தயாரிப்பு, மெஷின் ஓடுவது, தீப்பிடிக்கும் பொருள் வைப்பது எல்லாம் பொதுவாக அதில் வந்துவிடும். ஆத்தங்குடி மாதிரி கிராம ஊராட்சி என்றால் 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம். அதில் உரிமம் இல்லாமல் ஓர் இடத்தை இன்னின்ன காரியத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று 159-ஆம் பிரிவும், தொழிற்சாலை கட்டவோ இயந்திரம் நிறுவவோ அனுமதி வேண்டும் என்று 160-ஆம் பிரிவும் சொல்கின்றன. கிராமம்தானே, யார் கேட்கப்போகிறார்கள் என்று மாவு மில் போடுகிறவர்கள் இந்த 160-ஐ மறந்துவிடுகிறார்கள். அடுத்த வீட்டுச் சுவர் அதிர ஆரம்பித்ததும் ஞாபகப்படுத்த ஆள் வருவார்.

சாப்பாட்டுச் சாமான் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு தனி. 2006-ஆம் ஆண்டுச் சட்டம், 2011-ஆம் ஆண்டு விதிமுறைகள். அந்த விதிமுறைகள் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களைச் சிறு தயாரிப்பாளர்களாக வைத்து, உரிமம் வேண்டாம், பதிவு போதும் என்றன, கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். வரம்பையும் கட்டணத்தையும் விண்ணப்பிக்கிற அன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் நாமே செய்யலாம், ஆதாரும் போட்டோவும் முகவரிச் சான்றும் இருந்தால் பெரும்பாலும் போதும். 14 இலக்க எண் ஒன்று கொடுப்பார்கள், அதைப் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். கூடவே என்னென்ன சேர்த்தது, எடை, செய்த தேதி, எதுவரை சாப்பிடலாம், யார் எங்கே செய்தது, சைவம் என்றால் பச்சைப் புள்ளி எல்லாம் வேண்டும். ஆச்சியிடம் நான் முதலில் செய்யச் சொன்னது இதைத்தான். செலவு கம்மி, பயன் உடனே தெரியும், பெரிய கடைக்காரர் எவரும் அந்த எண் இல்லாத பாக்கெட்டைத் தட்டில் வைக்கமாட்டார்.

ஆனால் இந்த எண்ணை வாங்கிவிட்டதால் வீட்டில் தொழில் செய்ய அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். உணவுப் பதிவு, முறுக்கு சுத்தமாக இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டும் பதில். உத்யம் பதிவு (2020 ஜூலையிலிருந்து இருக்கிறது, இலவசம், இதற்கு இரண்டாயிரம் மூவாயிரம் என்று கேட்கும் இடைத்தரகர்களிடம் கொடுக்காதீர்கள்) நீங்கள் குறுந்தொழில் செய்கிறவர் என்ற அடையாளம், அவ்வளவுதான். ஜிஎஸ்டி வரிக்கு. சரக்கு விற்பவருக்கு மாநிலத்துக்குள் ஆண்டுக்கு 40 லட்சம் வரை பொதுவாக அந்தத் தொல்லை இல்லை. இவற்றில் எதுவும் தெருவுக்கும் வீட்டுக்கும் உள்ள கேள்வியைத் தொடாது.

மின்சாரத்தில்தான் பலர் அடிபடுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீட்டு இணைப்புக்கு 1-ஏ என்ற வீதம், இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். கடை, அலுவலகம் என்றால் 5-ஆம் வீதம், யூனிட்டுக்கு நல்ல கூடுதல். நடுவில் குடிசைத் தொழில், குறுந்தொழில் உற்பத்திக்கென்று 3-ஏ-1 என்று ஒன்று இருக்கிறது, 5-ஐவிடக் குறைவு, ஆனால் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் "கமர்சியல்தான் போடுவாங்க" என்று பயந்து வீட்டு இணைப்பிலேயே மாவு மெஷினை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். பறக்கும் படை வந்து பார்த்தால் அது 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் வரும். எந்தப் பிரிவுக்கு வாங்கினோமோ அதைவிட்டு வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவதும் அங்கீகாரமில்லாத பயன்பாடு என்றுதான் அந்தப் பிரிவு சொல்கிறது. எப்போதிலிருந்து என்று தெளிவாகத் தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்கு, உரிய வீதத்தின் இரண்டு மடங்கில் கணக்குப் போடலாம். எங்கள் உறவில் ஒருவருக்கு இப்படி வந்தது, ஒரு தீபாவளி சீசன் முழுக்கச் சம்பாதித்தது அதில் போய்விட்டது. முதலில் வருவது தற்காலிகக் கணக்குதான், எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, பயந்துபோய் அன்றைக்கே கட்டிவிட்டார்.

மின்கட்டண ஆணையிலேயே நமக்குச் சாதகமானவை இருக்கின்றன. வக்கீல், மருத்துவர் போன்றவர்கள் வீட்டோடு ஒட்டிய ஆலோசனை அறை 200 சதுர அடிக்குள் இருந்தால் வீட்டு வீதமே போதும். நெசவாளர் தன் வீட்டில் ஓட்டும் கைத்தறி, வெளியாள் வேலைக்கு இருந்தாலும்கூட, வீட்டு வீதத்தில்தான் வரும். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தச் சேலை இன்றைக்கும் வீட்டுத் தறியில் நெய்வதுதான். 2023-இல் கைத்தறி நெசவாளர்களுக்கு இலவச மின்சாரத்தை 200 யூனிட்டிலிருந்து 300 ஆக்கினார்கள். மற்றவர்களுக்கு என் யோசனை, தொழில் நடக்கும் கட்டுக்குத் தனி மீட்டர் வாங்கிவிடுங்கள். வீட்டின் 100 யூனிட்டும் போகாது, மெஷின் ஓடுகிற கணக்கும் தனியாகத் தெரியும், உத்யம் சான்றைக் காட்டி 3-ஏ-1 கேட்கவும் வசதி. மூன்றாங்கட்டுக்குப் பின்தெருவில் கம்பம் இருந்தால் இணைப்புக் கொண்டுவருவதும் சுலபம்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது, எந்தச் சட்டப் புத்தகத்தையும்விட நம் ஊரில் அதிகமாகக் குறுக்கே வருவது அதுதான். பங்காளிகள். ஒரு வீட்டுக்கு எட்டுப் புள்ளி, பன்னிரண்டு புள்ளி என்று பங்கு இருக்கும், ஊரில் இருப்பது ஒரு குடும்பமாக இருக்கும், மற்றவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் அமெரிக்காவிலும். வீட்டு வரி ரசீது காலமாகிப்போன ஐயா பெயரிலேயே வந்துகொண்டிருக்கும். தொழில் உரிமத்துக்கும் புது மின் இணைப்புக்கும் உரிமையாளர் நீங்களா, இல்லையென்றால் அவருடைய சம்மதம் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்கள். உங்கள் பங்கு அறைக்கு நீங்கள் பூட்டுப் போடலாம், ஆனால் வளவும் முகப்பும் எல்லோருக்கும் பொது, அங்கே எண்ணெய்ச் சட்டி வைத்தால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் கறுக்கும், தேக்குத் தூணில் புகை படியும், அடுத்த வருடம் தன் மகளுக்கு அங்கே மாப்பிள்ளை அழைக்க நினைக்கும் பங்காளி வந்து கேட்டால் நியாயம் அவர் பக்கமும் இருக்கும். எந்தக் கட்டில், எத்தனை நாள், என்ன வேலை, தரை கெட்டால் யார் சரிசெய்வது என்று ஒரு பக்கம் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. வாட்ஸ்அப் குழுவில் "சரிப்பா" என்று வந்த பதிலை நம்பி மெஷின் வாங்காதீர்கள். வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தைப் பாருங்கள், குடியிருக்க மட்டும் என்று எழுதியிருந்தால் வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் தொடங்கவே கூடாது.

வீட்டைத் தங்கும் விடுதியாக்குவது இப்போது இன்னொரு பெரிய அலை. கானாடுகாத்தான் பக்கம் போனால் தெரியும். இதில் இரண்டு வகையைக் குழப்பிக்கொள்கிறோம். குடும்பம் அங்கேயே இருந்துகொண்டு சில அறைகளை மட்டும் விருந்தினருக்குக் கொடுப்பது ஹோம்ஸ்டே, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் ஆறு அறை வரை, பன்னிரண்டு படுக்கை வரை, உரிமையாளர் குடும்பத்தோடு அங்கே குடியிருக்க வேண்டும். குடும்பம் சென்னையில், மேனேஜர் மட்டும் இங்கே, இருபது அறை என்றால் அது ஓட்டல், பெயரில் வீடு என்று எழுதினாலும் பயன்பாடு மாறிவிட்டது, திட்ட அனுமதி, தீயணைப்பு எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். வெளிநாட்டவர் தங்கினால் ஹோம்ஸ்டே ஆனாலும் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவித்தாக வேண்டும், இதில் சலுகை எதுவும் கிடையாது. சினிமா ஷூட்டிங்குக்கு இரண்டு நாள் கொடுப்பதை யாரும் பயன்பாட்டு மாற்றம் என்று சொல்லமாட்டார்கள், ஆனால் ஜெனரேட்டர் வண்டி நாலு தெருவை அடைத்து நிற்பதற்கு முன் அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை சொல்வது முறை. மாதம் பத்து நாள் கல்யாணத்துக்கு வாடகை என்று ஆனால் அது மண்டபம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த ஊர்களைக் கட்டியவர்கள் கூரையில் விழுந்த மழையைக்கூட வீணாக்காமல் வாய்க்கால் வழியாக ஊருணிக்குக் கொண்டுபோனார்கள். ஆத்தங்குடிக் கல் செய்கிற பட்டறையைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடித் தட்டின் மேல் வண்ணத்தை ஊற்றி, மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவிடுவார்கள். சூளை கிடையாது, புகை கிடையாது. வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தொழில் இத்தனை காலம் தெருவோடு ஒத்துப்போயிருப்பதற்கு அந்தச் செய்முறையே காரணம். அதே தெருவில் நூல் சாயம் போடுகிற வேலை வந்தால் கதை வேறு, எவ்வளவு சின்ன அளவாக இருந்தாலும் சாயத் தண்ணீர் போகிற இடம் ஊருணி, அங்கே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வரும், வரவும் வேண்டும். பலகாரத்துக்கு அவ்வளவு இல்லை, ஆனால் பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், கேனில் சேர்த்து வைத்தால் வாங்கிப்போக ஆள் இருக்கிறார்கள்.

இவ்வளவையும் படித்த பிறகு எனக்கு ஒரு குறை தோன்றுகிறது. டெல்லியின் முழுமைத் திட்டத்தில் வீட்டுத் தொழில் என்று தனியாகவே வைத்து, எத்தனை ஆள், எவ்வளவு மின்சக்தி, எந்தெந்தத் தொழில் என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். வீட்டில் எத்தனை பங்கு இடத்தைத் தொழிலுக்கு எடுக்கலாம் என்றும் இருக்கிறது. படிக்கத் தெரிந்த எவரும் தன் நிலையைத் தானே பார்த்துக்கொள்ளலாம். நம் பக்கத்தில் அது "கணிசம்" என்ற சொல்லுக்குள்ளும் அனுமதிப் பட்டியலின் ஏதோ ஒரு வரிக்குள்ளும் ஒளிந்திருப்பதால், பயப்படுகிற பெண்கள் பதிவே செய்யாமல் மறைவாகச் செய்கிறார்கள், மறைவாகச் செய்வதால் வங்கிக் கடனும் மானியமும் கைக்கு எட்டுவதில்லை. குறு உணவுத் தொழிலுக்கு 35 சதவீதம் மானியம், 10 லட்சம் வரை, மத்திய அரசுத் திட்டத்தில் இருக்கிறது, ஆனால் வங்கியில் முதலில் காகிதத்தைத்தான் கேட்பார்கள். காரைக்குடி புது மாநகராட்சி, எல்லை விரிந்திருக்கிறது, திட்டங்களை எப்படியும் புதுப்பித்தாக வேண்டும். அந்த நேரத்தில், இத்தனை கட்டுள்ள வீட்டில் பின்கட்டில் நடக்கும் தொழிலுக்கு இன்ன அளவு வரை தனி அனுமதி வேண்டாம், முகப்பை மாற்றாமல் இருந்தால் போதும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி வைத்தால் வீடும் பிழைக்கும், அதில் இருப்பவர்களும் பிழைப்பார்கள். ஆட்சேபனையும் ஆலோசனையும் கேட்டு அறிவிப்பு வரும்போது நாமும் எழுதிப் போட வேண்டும், கெடு முடிந்த பிறகு டீக்கடையில் பேசிப் பயனில்லை.

ஆச்சி விஷயத்தில் இதுவரை நடந்தது இது. உணவுப் பதிவு எண் வந்துவிட்டது, பாக்கெட்டில் ஒட்டுகிற தாளில் அதைப் பேத்தி அச்சடித்துக் கொடுத்துவிட்டாள். உத்யம் பதிவை என் கைப்பேசியிலேயே போட்டோம், இருபது நிமிடம் ஆனது. எண்ணெய்ச் சட்டி வளவிலிருந்து மூன்றாங்கட்டுக்குப் போய்விட்டது, பெட்டிகளும் இப்போது பின்வாசல் வழியாகத்தான் வண்டி ஏறுகின்றன. மாவு மெஷினுக்குத் தனி மீட்டர் கேட்டு எழுதிய விண்ணப்பம் மட்டும் பீரோவில் இருக்கிறது. ஏழு பங்காளிகளில் ஆறு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், ஏழாமவர் பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருகிறார்.